ஃப்ரோடோ ஏன் கப்பல் ஏறினான்?

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் எங்கள் வீட்டில் பத்து நாள் வந்து தங்கினான். ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். பகலெல்லாம் செல்போனும் கையுமாகக் கிடக்கிறவனை இழுத்து உட்காரவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் மூன்றையும் மூன்று ராத்திரியில் போட்டுக் காட்டுவது. ஹாபிட் என்கிற குட்டை மனித இனத்து ஃப்ரோடோ, எல்லோரையும் ஆட்டிப்படைக்கிற ஒரு மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க, தன் தோட்டக்காரன் சாமோடு போகிற கதை. முதல் நாள் பாதியில் தூங்கிவிட்டான். இரண்டாம் நாள் கோட்டைச் சண்டை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடி, கை காய்ந்துபோனதுகூடத் தெரியாமல் பார்த்தான். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, “மாமா, மோதிரத்தைத்தான் அழிச்சாச்சே. எல்லாரும் ஊருக்கும் வந்துட்டாங்க. அப்புறம் எதுக்கு ஃப்ரோடோ ஊரை விட்டே கப்பல்ல ஏறிப் போறான்?” என்று கேட்டான்.

“அவனுக்குப் பட்ட காயம் ஆறலைடா” என்றேன். “எல்லாருக்கும்தான் அடிபட்டுச்சு. சாம் வாங்காத அடியா?” “இல்லடா, இது மனசுல பட்ட காயம்” என்று இழுத்தேன். வாத்தியார் பதில் தெரியாமல் சமாளிக்கும்போது பையன்கள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனான். நாவலைப் படித்தவன் என்கிற கெத்தில் மூன்று நாளாக நடுநடுவே படத்தை நிறுத்தி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவனுக்கு இரண்டு வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது: படத்தில் அந்தப் பதிலே கிடையாது. அது இருந்த அத்தியாயத்தை வெட்டிவிட்டார்கள்.

டோல்கியனின் நாவல் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகமாக வந்தது. பீட்டர் ஜாக்சனின் படங்கள் 2001 முதல் 2003 வரை டிசம்பருக்கு ஒன்றாக வந்தன. படங்கள் வந்த காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் எங்கள் அறையில் மூன்று பேர் இருந்தோம். கிழிந்த அட்டை போட்ட ஒற்றைத் தொகுதியை முறைவைத்துப் படித்திருந்தோம். ஆகவே தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் டீக்கடையில் நின்று, எதையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுத் திட்டுவது எங்களுக்கு ஒரு சடங்கு. இருபது வருஷம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் வெறும் வீம்பு. ஃப்ரோடோவை வளர்த்த பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ ஊரை விட்டுக் கிளம்புவதற்கும் நடுவே நாவலில் 17 வருஷம் ஓடுகிறது. படத்தில் அது ஓடியதே தெரியாது. இதற்காக நான் ஒருவனிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கத்தி மட்டும் மிஞ்சியது

பட்டியலில் முதலில் இருந்த பெயர் டாம் பாம்படில். மஞ்சள் பூட்ஸும் நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் பாடித் திரிகிற ஆள். யார், எங்கிருந்து வந்தவர் என்று நாவல் கடைசிவரை சொல்லாது. எல்லோரையும் ஆட்டிப்படைக்கிற மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொள்வார். அதைப் போட்டவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோக வேண்டும், அவர் மட்டும் மறைய மாட்டார். சுண்டிவிட்டு, பிடித்து, சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிடுவார். டோல்கியன் தன் பிள்ளைகளின் டச்சு பொம்மை ஒன்றை வைத்துப் புனைந்த ஆள் இவர். நாவலுக்கு 20 வருஷம் முந்தி, 1934-லேயே இவரைப் பற்றி ஒரு பாட்டு அச்சாகியிருந்தது.

அவரை வெட்டியது சரிதான். மோதிரத்தைக் கண்டு நம் வயிறு கலங்க வேண்டும் என்று படம் ஒரு மணி நேரம் பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருவர் வந்து அதைக் கோலிக்குண்டு மாதிரி விளையாடிவிட்டுப் போனால் பட்ட பாடெல்லாம் வீண். 1978-இல் வந்த ரால்ஃப் பாக்‌ஷியின் கார்ட்டூன் படத்திலும் அவர் இல்லை. 1981-இல் பிபிசி வானொலி 26 பகுதிகளாகப் போட்ட நாடகத்திலும் இல்லை. பதின்மூன்று மணி நேரம் கையில் இருந்தவர்களே விட்டுவிட்டார்கள் என்றால் ஜாக்சனை என்ன சொல்வது?

ஆனால் அவரோடு சேர்ந்து சத்தமில்லாமல் இன்னொன்றும் போனது. பாம்படில் பகுதியின் கடைசியில் ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்ற ஹாபிட்டுகள் நால்வரும் ஒரு பழங்காலப் புதைமேட்டில் பேயிடம் மாட்டிக்கொள்வார்கள். அவர்களை மீட்ட பாம்படில், அந்தப் புதையலிலிருந்து ஆளுக்கொரு குறுவாள் எடுத்துக் கொடுப்பார். அங்மார் என்ற நாட்டின் சூனியக்கார அரசனோடு போரிட்டு அழிந்துபோன மக்கள், அவனுக்கென்றே செய்த வாள்கள் அவை. அறுநூறு எழுநூறு பக்கம் தாண்டி, போர்க்களத்தில் அதே அரசன் ஏவின் என்ற வீராங்கனையைக் கொல்லக் கை ஓங்கும்போது, மெர்ரி பின்னாலிருந்து அவன் முழங்காலில் செருகுவது அந்த வாளைத்தான். வேறு எந்த வாளும், எவ்வளவு பெரிய வீரன் கையில் இருந்தாலும், அந்தக் காயத்தை உண்டாக்கியிருக்காது என்று நாவல் நிறுத்திச் சொல்கிறது. வாள் புகைந்து கரைந்துபோகும். அதைச் செய்த கொல்லன் இதைப் பார்க்க இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பான் என்று டோல்கியன் எழுதுகிற இடத்தில் நான் எப்போதும் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுவேன்.

படத்திலும் மெர்ரி அதே முழங்காலில்தான் குத்துகிறான், அரசன் அதே மாதிரிதான் மண்டியிடுகிறான். ஆனால் அது சும்மா ஒரு கத்தி. காட்சி இருக்கிறது, அதன் வேர் இல்லை. பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம். நாவலைப் படமாக்கும்போது வெட்டப்பட்டதை நாம் கண்டுபிடிப்பது இல்லாமல் போன காட்சியை வைத்து இல்லை. மிச்சமிருக்கிற காட்சி ஏதோ ஒன்றின் காரணம் தெரியாமல் தனியாக நிற்கும், அதை வைத்துத்தான். மெர்ரியின் கத்தி அப்படி ஒன்று. கப்பல் ஏறுகிற ஃப்ரோடோ இன்னொன்று. கத்தியைப் பற்றி மருமகன் கேட்கவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு

நாவலில் கடைசிக்கு முந்தைய அத்தியாயம், மோதிரம் அழிந்து, அரசன் ஆரகார்னுக்கு முடிசூட்டி, கல்யாணமும் முடிந்து, ஹாபிட்டுகள் நால்வரும் சொந்த ஊரான ஷயருக்குத் திரும்புவதைச் சொல்கிறது. ராத்திரி நேரம், மழை. ஊர் எல்லைப் பாலத்தில் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறது. உள்ளே இருக்கிறவன் இவர்களுக்குத் தெரிந்தவன்தான். ஆனால் திறக்க மாட்டேன், உத்தரவு என்கிறான். சுவரில் நீளமாக விதிமுறைகள் ஒட்டியிருக்கின்றன. சத்திரங்களை மூடிவிட்டார்கள். பீர் கிடையாது. எல்லோருக்கும் பங்கிட்டுத் தருவதாகச் சொல்லி விளைச்சலை அள்ளிக்கொண்டு போகிறார்கள், போனது திரும்புவதில்லை. முன்பு வழிதவறிய மாட்டை ஓட்டிக்கொண்டிருந்த ஊர்க்காவலர் கூட்டம் பல மடங்கு பெருகி, சொந்தக்காரர்களையே வேவு பார்க்கிறது. ஆற்றங்கரை மரங்களை வெட்டி, பழைய மாவு மில்லை இடித்துப் பெரிய மில் கட்டி, அதன் கழிவைத் தண்ணீரில் விடுகிறார்கள்.

இதை ஆரம்பித்தது வெளியூர் அரக்கன் இல்லை. ஃப்ரோடோவின் ஒன்றுவிட்ட உறவுக்காரன் லோத்தோ. நிலத்தையும் தோட்டத்தையும் வாங்கிக் குவித்து, ஊர்ப் புகையிலையைத் தெற்கே ஏற்றுமதி செய்து பணம் பார்த்தவன். பிறகு அடியாட்களை வரவழைத்தான். அவர்கள் அவன் தலைக்கு மேலே போனார்கள். கடைசியில், கோட்டையையும் மந்திரத்தையும் இழந்த மந்திரவாதி சாருமான் வந்து உட்கார்ந்துகொண்டான். உலகத்தையே ஆளப் பார்த்தவன், கடைசியில் நாலு கிராமத்தின் மரங்களை வெட்டிப் பழிவாங்குகிற அற்பத்தனத்துக்கு வந்து நிற்கிறான். இந்த இடத்தில் எனக்கு எந்தக் கற்பனை உலகமும் தேவைப்படவில்லை, ஒவ்வொரு ஆளையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

மேன்ஷனில் முதல்முறை படித்தபோது இந்த அத்தியாயம் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. மலை வெடித்தாயிற்று, இன்னும் என்ன என்று பக்கத்தைத் தள்ளினேன். அப்புறம் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அதிகாலை பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் விலக்கு வந்துவிட்டதை எனக்குக் காட்டுவது ரோட்டோரப் புளியமரங்கள்தான். நாலு வழிச் சாலைக்காக அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். மரத்தைப் பார்த்து எழுந்திருக்கிற பழக்கத்தில் நான் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். ரோடு நல்ல ரோடு, குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, பரணில் கிடந்த புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பில்போவின் விருந்து நடந்த மரம் வெட்டப்பட்டு வயலில் கிடக்கிறதைப் பார்த்ததும் சாம் உடைந்து அழுவான். அவ்வளவு தூரம் நடந்து, எரிமலை வரைக்கும் போய் வந்த சாம்.

தன் சிறுவயது ஊரைப் பற்றி டோல்கியனே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பர்மிங்காம் பக்கத்தில் சேர்ஹோல் என்ற சிற்றூர். 1896-இலிருந்து நாலு வருஷம் அங்கே வளர்ந்தார். தனக்குப் பத்து வயது ஆகுமுன்பே அந்தச் சீமை அசிங்கமாக அழிந்துகொண்டிருந்தது என்கிறார். இந்த அத்தியாயம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தைப் பற்றியது என்று சொல்கிறவர்களுக்கு, இல்லை, இது கதையின் இன்றியமையாத பகுதி, ஆரம்பத்திலேயே மனதில் இருந்தது என்று பதிலும் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சண்டையில் 19 ஹாபிட்டுகள் சாகிறார்கள், அடியாட்கள் தரப்பில் கிட்டத்தட்ட 70 பேர். மெர்ரியும் பிப்பினும் தளபதிகளாகிவிடுகிறார்கள். ஃப்ரோடோ மட்டும் வாளை உருவவே இல்லை. ஆயுதத்தைக் கீழே போட்டவர்களைத் தன் ஆட்களே கோபத்தில் கொன்றுவிடாமல் தடுப்பது மட்டும்தான் அன்று அவன் செய்த வேலை. தன்னைக் கத்தியால் குத்த வந்த சாருமானையும் கொல்லாதே, போகவிடு என்கிறான். நீ வளர்ந்துவிட்டாய், என் பழிவாங்கலில் இருந்த இனிப்பையே எடுத்துவிட்டாய் என்று சாருமான் அவனை வெறுப்போடு பார்க்கிற இடம், என்னைக் கேட்டால் முழு நாவலின் உச்சம். எரிமலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிறகு ஊர் மெர்ரியையும் பிப்பினையும் கொண்டாடுகிறது. பளபளக்கும் கவசத்தோடு குதிரையில் போகிறவர்களை யாருக்குத்தான் பிடிக்காது? ஃப்ரோடோ கொஞ்ச நாள் தற்காலிக மேயராக இருக்கிறான். பெருகிப்போன ஊர்க்காவலர்களைப் பழைய எண்ணிக்கைக்குக் குறைக்கிறான், வேறொன்றும் செய்யவில்லை. மெல்ல எல்லாக் காரியத்திலிருந்தும் ஒதுங்கிக்கொள்கிறான். சொந்த ஊரில் அவனுக்கு மரியாதையே இல்லையே என்று சாமுக்கு மட்டும் உறுத்துகிறது. மருமகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இங்கே இருக்கிறது. அடிபட்ட வலி ஒரு பக்கம். எதிரியையும் அடிக்காதே என்று சொல்கிற ஆளுக்கு, ஜெயித்த ஊரில் உட்கார இடம் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

ஒரு பழைய கடிதம்

சரி, படத்தைத் திட்டுவதற்கு நல்ல ஆதாரம் ஒன்று வேண்டும் என்று டோல்கியனின் கடிதத் தொகுப்பை எடுத்தேன். அங்கேதான் நான் கட்டிய கட்சி ஆட்டம் கண்டது. 1957-இல் அமெரிக்காவிலிருந்து சிலர் இந்த நாவலைப் படமெடுக்கக் கேட்டு அவரிடம் வந்தார்கள். ஒரு திரைக்கதைச் சுருக்கமும் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் பதிப்பாளருக்கு எழுதியது, சுருங்கச் சொன்னால் இது: சிலவற்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இவர்கள் எல்லாவற்றையும் போட்டு அமுக்கியிருக்கிறார்கள், அதனால்தான் நெரிசலும் குழப்பமும். ஒரு வார்த்தையையும் தொடவிட மாட்டார் என்று நான் நினைத்திருந்த மனிதர், வெட்டு, ஆனால் திணிக்காதே என்கிறார்.

அடுத்த வருஷம் எழுதிய நீண்ட கடிதத்தில் அந்தத் திரைக்கதையைக் காட்சிவாரியாகப் பிரித்து மேய்ந்திருக்கிறார். அதிலும் ஷயர் அத்தியாயம் இல்லை. அதற்காக அவர் ரகளை பண்ணியிருப்பார் என்று வேகமாகப் பக்கம் புரட்டினேன். இல்லை. நாவலின் முடிவையும் சாருமானுக்கு உரிய சாவையும் வெட்டிவிட்டீர்கள், அப்படியானால் அவன் சாக வேண்டிய அவசியமே எனக்குத் தெரியவில்லை என்கிறார். அவன் கதையை முடித்துத்தான் ஆகவேண்டும் என்றால், கோபுரத்துக்குள்ளேயே கிட, மரமனிதர்கள் உன்னைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நல்ல மந்திரவாதியான காண்டால்ஃப் சொன்னால் போதும் என்று ஒரு யோசனையும் கொடுக்கிறார்.

2003-இல் தியேட்டருக்கு வந்த மூன்றாம் படத்தில் நடப்பது கிட்டத்தட்ட அப்படியேதான். சாருமான் கோபுரத்தில் அடைபட்டிருக்கிறான், மரமனிதர் காவல், குதிரைகள் திரும்பிவிடுகின்றன. தன் காட்சிகளை நீக்கிவிட்டார்கள் என்று சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ மனத்தாங்கலோடு இருந்தார். அவருக்காக நாங்களும் டீக்கடையில் நிறையக் கோபப்பட்டோம். டோல்கியனோ 45 வருஷம் முந்தியே இதற்கு ஒரு மாதிரி சம்மதம் கொடுத்துவிட்டிருக்கிறார். பிறகு டிவிடியில் வந்த நீண்ட வடிவத்தில்தான் சாருமான் சாகிறான். நாவலில் போலவே அவனுடைய அடிமையே கத்தியால் அவனைக் கொல்கிறான், அடிமை அம்பு பட்டுச் சாகிறான். இடம் மட்டும் ஷயரில் ஃப்ரோடோவின் வீட்டு வாசலிலிருந்து கோபுர உச்சிக்கு மாறியிருக்கிறது. டோல்கியன் சொன்ன அளவுகோலின்படி பார்த்தால், ரசிகர்கள் கொண்டாடும் நீண்ட வடிவத்தைவிட, நாங்கள் திட்டிய தியேட்டர் வடிவம்தான் தேவலை.

அன்றைக்கு என் கோபம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. கால்வாசி இன்னும் இருக்கிறது, அது எதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றும் தெரிந்தது. படத்தில் ஷயர் அழிவது ஒரே ஓர் இடத்தில் வருகிறது. எல்ஃப் குலத் தலைவி காலாட்ரியலிடம் இருக்கிற, நடக்கப்போவதைக் காட்டும் நீர்க்கண்ணாடியில் ஃப்ரோடோ எட்டிப் பார்க்கிறான். வீடுகள் எரிகின்றன, ஹாபிட்டுகள் சங்கிலியில் போகிறார்கள். நீ தோற்றால் நடக்கப்போவது இது என்கிறாள் அவள். நாவலில் அந்தக் கண்ணாடியில் ஊர் அழிவதைப் பார்ப்பவன் சாம். மரங்கள் விழுகின்றன, அவன் அப்பாவைத் தெருவில் விட்டிருக்கிறார்கள். உடனே வீட்டுக்குப் போகவேண்டும் என்று துடிக்கிறான், பிறகு அழுகையை அடக்கிக்கொண்டு எஜமானோடு போகிறான். அவன் பார்த்தது அப்படியே நடக்கிறது. ஜெயித்த பிறகும் நடக்கிறது.

வெட்டுவது வேறு. வெட்டிய துண்டை எடுத்துத் தலைகீழாக ஒட்டுவது வேறு. ‘தோற்றால் ஊர் போகும்’ என்று எல்லாக் கதையும் சொல்லும். நீ ஜெயிக்கப் போயிருந்த நேரத்தில் ஊர் போய்விட்டிருக்கும் என்று சொல்ல, முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் இருந்துவிட்டு வந்து, 1918-க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவனைத் தவிர மற்றவர்களை இழந்துவிட்ட ஆள் வேண்டியிருந்தது.

ஜாக்சன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. படத்தில் நால்வரும் திரும்பிவந்து பழைய மதுக்கடையில் உட்காருவார்கள். சுற்றிலும் வழக்கமான இரைச்சல். யாரோ ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவருகிறார், எல்லோருக்கும் அதில்தான் கண். இவர்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கோப்பையை உயர்த்துகிறார்கள், ஒரு வார்த்தை இல்லை. சொந்த ஊரில் மரியாதை இல்லாததை ஒரு பூசணிக்காயை வைத்துச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஓடுகிற படம், முடிவுக்கு மேல் முடிவு வருகிறது என்று அப்போதே கேலி பேசினார்கள். அதற்குள் இன்னொரு போரை வைத்திருந்தால் தியேட்டரில் நானே கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். வானொலி நாடகம் அந்த அத்தியாயத்தை விடவில்லை. ஆனால் அங்கே அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தது.

மருமகன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு கடன் பாக்கி மாதிரி இருந்ததால், புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். பாலத்துக் கேட் வரை கேட்டான். விதிமுறைப் பட்டியல் வந்தபோது, “எங்க ஸ்கூல் மாதிரி” என்றான். கிழவி லொபேலியா குடையைத் தூக்கிக்கொண்டு அடியாட்களை எதிர்த்து நிற்கிற இடத்தில் சிரித்தான்; அவன் அப்பாயியை நினைத்துக்கொண்டானாம். சண்டை முடிந்ததும் கொட்டாவி விட்டான். “மாமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது படத்துல வந்திருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்.”

நான் புத்தகத்தை மூடாமல் அடுத்த இரண்டு பக்கத்தையும் சொன்னேன். காலாட்ரியல் சாமுக்குத் தன் தோட்டத்து மண்ணை ஒரு சின்னப் பெட்டியில் கொடுத்திருப்பாள். ஊருக்கு வந்ததும் அவன் ஷயர் முழுக்க நடந்து, வெட்டப்பட்ட அழகான, பிரியமான மரங்கள் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு கன்று நட்டு, அதன் வேரடியில் அந்த மண்ணில் ஒரே ஒரு துகள் போடுகிறான். மிச்சத்தை ஷயரின் நடுமத்தியில் நின்று காற்றில் வீசிவிடுகிறான். பெட்டியில் இருந்த ஒற்றை விதையை, விருந்து மரம் இருந்த வயலில் புதைக்கிறான்.

“எல்லா மரத்துக்கும் அந்த மண்ணு பத்துச்சா?” என்றான்.

“பத்துச்சு.”

“அவனுக்கு ஒண்ணும் வச்சுக்கலையா?”

புத்தகத்தில் அந்தப் பத்தியை விரல் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். “இல்லடா” என்றேன். அவன் பையில் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தான்.